கடிதத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகள்



ஆராய்ச்சி பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் கணிதமேதை ராமானுஜனைக் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிடுகிறேன். ஆனால் 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்துக்காக அல்ல, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்காக.

1910இல் குமாஸ்தா வேலை கேட்டு அவர் ராமசாமி ஐயரிடம் போனார். ஐயர் டெபுடி கலெக்டர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜனின் கணித நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வேலை தரவில்லை, சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்தார். அந்த வழியில் வந்தவர்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். மாதம் 25 ரூபாய் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். 1911இல் கழகத்தின் இதழிலேயே முதல் கட்டுரை அச்சானது. மறு ஆண்டு துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளம். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதக்காரர். வேலை முடிந்தபின் இருவரும் சிலேட்டோடு உட்கார்வார்களாம். படிகளைத் தாண்டாமல் எனக்குப் புரிகிறபடி எழுது என்று நாராயண ஐயர் நச்சரித்ததை நான் பெரிய உதவியாக நினைக்கிறேன். பணம் கொடுக்கப் பலர் உண்டு, நச்சரிக்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

நான் என் முதல் கட்டுரையை இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தேன், யாராவது திருடிவிடுவார்கள் என்று. திருடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பது ஒருவர் படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பட்டம் பெறும் உங்களுக்கு, படித்துச் சொல்ல ஆள் இல்லை என்ற சாக்கு கிடையாது. நம் நாட்டு ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் காசில்லாமல் படிக்கலாம். கட்டுரையைப் படித்துத் திருத்திச் சொல்ல, வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கென்றே ‘ஆத்தர்எய்ட்’ வழிகாட்டிகளைச் சேர்த்து வைக்கிறது. அதற்கும் கட்டணமில்லை. அப்புறம் நம் ஊர் இனிஷியல் தொல்லை: ஒரு கட்டுரையில் எஸ். குமார், அடுத்ததில் குமார் எஸ்., மூன்றாவதில் அப்பா பெயரே ஆசிரியர்! பெயரை எப்படி எழுதினாலும் ஆள் ஒருவரே என்று காட்டும் 16 இலக்க ‘ஓர்சிட்’ எண் ஒன்றை இன்றே வாங்கிவிடுங்கள்.

தெரியாத பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. ராமானுஜனும் கேம்பிரிட்ஜில் முதலில் இருவருக்கு எழுதினார், பயனில்லை. ஹார்டி மூன்றாவது ஆள்.

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று சீட்டு வந்திருக்கிறது.