சிறைமதிலும் செம்மொழிப் பூங்காவும்

ஓர் ஆட்சி மறைந்தபின் அது எழுப்பிய கட்டடங்கள் என்ன ஆகின்றன? கிழக்கு ஜெர்மனியின் பொதுவுடைமை அரசு 1976ஆம் ஆண்டு பெர்லின் நகரில் குடியரசு மாளிகை ஒன்றைத் திறந்தது. மக்கள் மன்றம் கூடியதும் அங்கேதான். இசையும் நடனமும் நிகழ்ந்ததும் அங்கேதான். கல்நாரின் கேடு கருதி 1990இல் அதை மூடினர். கல்நாரை அகற்றியபின் எஞ்சிய வெற்றுக்கூட்டில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் கலைஞர்கள் நாடகங்களும் கண்காட்சிகளும் நடத்தினர். ஆயினும் 2006 முதல் 2008 வரை அதனை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அவ்விடத்தில் பழைய மன்னர் மாளிகையின் முகப்பு மீண்டும் எழுந்து நிற்கிறது. இடையே நாற்பதாண்டுகள் நடக்கவே இல்லை போலும்!

நம் கோவையில் இடிப்புக்கு வேலையில்லாமலே கலைக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில், 1872இல் தோன்றியது காந்திபுரத்து மத்திய சிறை. அதன் பரந்த நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா அமைத்து, 2025 நவம்பர் 25 அன்று திறந்தனர். 2010இல் இங்கு கூடிய உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. கடையெழு வள்ளல்களின் சிலைகளும், பல்வகை ரோசாக்களும், திறந்தவெளி அரங்கமும் அங்கு உண்டு. பாராட்டத்தக்க பணியே.

அம்மதிலுக்குள் வ.உ.சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை அடைபட்டுச் செக்கிழுத்தார். இதைப் பிள்ளைகள் அறிவர்; பாடநூல் சொல்கிறது. ஆனால் 1946 ஜனவரி 8 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டவர் யாவர் என்று நான் வகுப்பில் வினவியபோதெல்லாம் மௌனமே விடையாக வந்தது. ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்னும் சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர். பொதுவுடைமைச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆலையின் அடியாள் ஒருவன் கொலையுண்ட வழக்கில் அவர்களுக்கு அத்தண்டனை. தீர்ப்பின் நியாயத்தை வழக்கறிஞர் ஆராயட்டும். பஞ்சாலைகளால் வளர்ந்த ஊரின் பிள்ளைகளுக்கு அந்த நால்வரின் பெயராவது தெரிய வேண்டாமா?

அரங்கமோ ஆயத்தமாக இருக்கிறது. நாடகம் எழுதத் தெரிந்த தமிழாசிரியர்களுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. ஏதேனும் ஒரு பள்ளி முன்வந்து, வரும் ஜனவரி எட்டாம் நாள் மாலை, இக்கதையை அங்கே மேடையேற்றலாம். ரோசாவைப் பார்க்க வந்தவர்களும் வெளியேறும் வழியில் சற்று நின்று கேட்பார்கள்.