வெட்டுவாய்



லேசர் பற்றிய ஆய்வரங்குக்கு அப்புத்தளை ஏற்ற இடமா என்று சிலர் கேட்டார்கள். இந்த மலையில் வளர்ந்த எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். விழுந்த கிளையை அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்; செடியில் நிற்கும் வெட்டுவாயைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். கத்தி மழுங்கினால் கொம்பு பிளக்கும், பிளவில் நீர் இறங்கும், செடி உள்ளுக்குள் உக்கும். பல்பகுதியங்களை லேசரால் அகற்றும் ஆய்வில் இத்தனை வருடங்களாக நான் கேட்டு வந்ததும் அவருடைய கேள்விதான்: அகற்றிய இடத்துக்குப் பக்கத்தில் நின்றது என்ன ஆயிற்று?

1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன் இத்துறையின் வாசலைத் திறந்தவர்களில் ஒருவர். நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில், எக்சைமர் லேசரின் 193 நனோமீற்றர் ஒளியைத் தண்ணீர்ப் போத்தல் செய்யும் அதே வகைப் பிளாஸ்டிக்கின் படலத்தில் பாய்ச்சினார். ஒளி பட்ட இடம் மட்டும் பள்ளமாயிற்று. கழுவவோ கரைக்கவோ தேவைப்படவில்லை. வெரோனிகா மேய்ன்-பான்டனுடன் சேர்ந்து 1982இல் அதை வெளியிட்டார்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். அந்த ஒளியின் ஒரு போட்டனில் 6.4 இலத்திரன்வோல்ற்று சக்தி இருக்கிறது. காபன்–காபன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறக்குறைய 3.6 போதும். மேற்பரப்பின் மிக மெல்லிய படை ஒளியை உறிஞ்சுகிறது. நீண்ட சங்கிலிகள் சிறு துண்டுகளாகின்றன. துண்டுகளுக்கு அதிக இடம் வேண்டும், எனவே வெடித்து வெளியேறுகின்றன, சக்தியின் பெரும்பங்கையும் தம்முடன் கொண்டு போகின்றன. ஒரு துடிப்பு நீடிப்பது செக்கனின் நூறு கோடியில் பத்திருபது பங்குதான். பக்கத்துக்குச் சூடு பரவ நேரமில்லை. ஒரு துடிப்பில் அகல்வதோ மைக்கிரோமீற்றரின் பத்திலொரு பங்கு அளவு.

1981 நவம்பரில், நன்றியறிதல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஸ்ரீனிவாசன் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார். சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகிய சகாக்களுடன் நடந்த அந்தச் சோதனைகளில் புறஊதா ஒளி சுத்தமாக வெட்டியது. பச்சை லேசர் கருக்கியது. தசைநாரும் இயற்கையின் பல்பகுதியம்தானே! 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து விழிவெண்படலத்தில் இதைச் செய்து காட்டினார். இன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கச் செய்யும் சிகிச்சைகளின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் மாணவர்களே, பிணைப்பை ஒளி நேரடியாக உடைக்கிறதா, அல்லது ஒளி சூடாக மாறி, அந்தச் சூடு உடைக்கிறதா என்ற வழக்கு அத்துடன் தீரவில்லை. அலைநீளம் மாறினால் விடையும் மாறுகிறது. பேர்ஸ்பெக்சில் 248 நனோமீற்றர் ஒளியை விழுத்தினால் முதற் சில துடிப்புகளுக்கு எதுவும் அகலாது. அவை வீணாகவில்லை, மூலக்கூறுகளை மாற்றி, பின்வரும் ஒளியை உறிஞ்சும்படி மேற்பரப்பைப் பதப்படுத்துகின்றன. பொலிஇமைட்டைப் பாருங்கள். மின்னைக் கடத்தாதது என்பதற்காகவே இலத்திரனியலில் பயன்படுவது அது. அதே 248 நனோமீற்றர் ஒளி திரும்பத் திரும்பப் பட்டால் காபன் செறிந்து, மேற்பரப்பு மின்னைக் கடத்தத் தொடங்குகிறது. பள்ளத்தின் ஆழத்தை மட்டும் அளந்தவர் இதைக் கண்டிருக்கவே முடியாது.

ஆகவே இங்கே கட்டுரை வாசிப்போரிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன். எவ்வளவு அகற்றினீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். எஞ்சிய மேற்பரப்பில் என்ன பார்த்தீர்கள் என்பதற்கு மீதி நேரத்தைச் செலவிடுங்கள். அலைநீளம், துடிப்பின் நீளம், எத்தனையாவது துடிப்பு என்பவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரே பேர்ஸ்பெக்ஸ் தகட்டின் இரண்டு துண்டுகளைக் கைமாற்றி அனுப்புகிறேன். ஒன்றைப் பெயர்ப்பலகைக் கடையின் காபனீரொட்சைட்டு லேசர் வெட்டியது; அந்தப் பளபளப்பு உருகி ஆறியதால் வந்தது. மற்றதைப் புறஊதா லேசர் செதுக்கியது. விளிம்புகளைப் பெருவிரலால் தடவிப் பாருங்கள். அவை பின்வரிசைக்குப் போய்ச் சேரும்போது முதற் கட்டுரையைத் தொடங்கலாம்.