இழை எண்ணும் கைகள்



"மெக்கானிக்கல் படிச்சிட்டு ஊட்டியில் பூத்தையலா?" என்று காலையில் டீ குடிக்கும்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்கட்டும்.

நீலகிரியில் தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். வரைபடம் கிடையாது, மரச்சட்டம் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. இருபுறமும் உடுத்தலாம். நம் டிராயிங் சார் பார்த்திருந்தால் நமக்கெல்லாம் இன்னும் பத்து மார்க் குறைத்திருப்பார்!

ஆகவே கைத்தொழிலை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் போகிற மந்தில் விட்டுப்போயிருந்தது கணக்கு. துணி, நூல் விலையோடு ஏதோ கொஞ்சம் சேர்த்துச் சால்வையைக் கொடுத்துவிடுவார்கள். எருமை, அடுப்பு, பிள்ளைகள் எல்லாம் பார்த்த பிறகு தைக்கிற நேரத்தை யாரும் எழுதி வைத்ததில்லை. நாங்கள் சில பேர் லீவு நாட்களில் சொல்லித்தருவது இதைத்தான்: நேரத்தை நோட்டில் குறிப்பது, அதற்குக் கூலி போடுவது, அப்புறம்தான் விலை.

"இவ்வளவு சொன்னா யாரு தம்பி வாங்குவா?" என்றார் ஓர் அம்மா. நியாயமான கேள்வி. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான். ஆனால் மெஷின் நகலுக்கும் கைவேலைக்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிவதில்லையே! அதனால் ஒவ்வொரு சால்வையிலும் தைத்த மணிநேரத்தை எழுதி ஒரு சீட்டுக் கட்டுகிறோம். அதைப் படித்தவர்கள் பேரம் பேசுவது குறைந்திருக்கிறது.

ஜவுளித் துறையில் இருக்கும் நண்பர்களே, இழை எண்ணத் தோதான துணி மாதாமாதம் ஒரே தரத்தில் கிடைக்க வழி இருந்தால், மதியச் சாப்பாட்டின்போது என்னைப் பிடியுங்கள்.