விளிச்சொல்லில் ஒளிந்த காதல்



கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தைக் காட்டும் கொரியப் படங்களில் காதலர் யார் பக்கம் நிற்கின்றனர் என்பதை அறிய, அவர்கள் பேசும் மொழியை நாம் உற்றுக்கேட்க வேண்டும். 1938இல் பள்ளிகளில் கொரிய மொழி விருப்பப் பாடமாகச் சுருங்கியது. 1940இல் ஜப்பானிய முறையில் பெயர் சூடும் ஆணை நடைமுறைக்கு வந்தது. நாவும் பெயருமே விசுவாசத்துக்குச் சான்றாயின.

பாக் சான்வூக் 2016இல் இயக்கிய படத்தை எடுத்துக்கொள்வோம். கதை 1930களில் நிகழ்கிறது. மாளிகைத் தலைவர் கோசுக்கி பிறப்பால் கொரியர். மொழிபெயர்ப்பாளராய் இருந்து ஆட்சியாளருக்கு உதவிப் பொற்சுரங்கம் பெற்றவர். (மொழித்துறையினராகிய நமக்குத் தலைகுனிவுதான்!) பிரபுவாக வருபவனும் ஜப்பானியப் பெயர் பூண்ட கொரிய வஞ்சகன். பணிப்பெண் சூக்கீ அவ்வீட்டில் ‘தாமகோ’ ஆக்கப்படுகிறாள். உண்மையில் ஜப்பானியப் பெண்ணான ஹிதேகோவோ கொரியத்தில் பேசவே விரும்புகிறாள். கோசுக்கி அவளை விருந்தினர் முன் படிக்கவைத்த இழிநூல்கள் ஜப்பானிய மொழியில் இருந்தன. தாய்மொழியே சிறையான ஒருத்திக்கு ஆளப்படுவோர் மொழி அடைக்கலமாகிறது.

சூக்கீ அவளை ஏமாற்ற அனுப்பப்பட்டவள். அவள் விளிக்கும் சொல் ‘அகாஸ்ஸி’. பணியாளர் வீட்டு இளநங்கையை மதிப்போடு அழைக்கும் சொல் அது. தொடக்கத்தில் வஞ்சகத்தை மறைத்த அதே சொல், பின்னர்க் காதலைச் சுமக்கிறது. சொல் மாறவில்லை, குரல் மாறுகிறது. படத்தின் கொரியத் தலைப்பும் இச்சொல்லே. ஆங்கிலத் தலைப்போ பணிப்பெண்ணைச் சுட்டுகிறது. அழைக்கப்பட்டவள் போய், அழைத்தவள் வந்துவிட்டாள்! ஆங்கிலத் துணைவரிகளில் இரு மொழிகளுக்கும் இரு நிறங்கள் தந்தது நல்ல உத்தி. ஆயினும் வினைமுற்றில் ஏறியிறங்கும் மரியாதையை நிறம் காட்டாது. ‘வா’, ‘வாருங்கள்’ என்னும் வேறுபாட்டில் பழகிய தமிழ்ச் செவிக்கு அவ்விழப்பு எளிதில் புரியும்.

லீ ஜூன்இக்கின் ‘பாக் யோல்’ (2017) மெய்வாழ்க்கையைத் தழுவியது. 1923ஆம் ஆண்டுக் காந்தோ நிலநடுக்கத்தை அடுத்துத் தோக்கியோவில் கைதான கொரியர் பாக் யோல். அவர் துணைவி ஜப்பானியர் கனேகோ ஃபுமிகோ. நீதிமன்றத்தில் கனேகோ கொரிய உடையில் நின்றார். அவர் கொரியாவுக்காகத் தம் நாட்டைக் கைவிட்டார் என எழுதுவாரை நாம் ஏற்பதில்லை. எந்த அரசுக்கும் பணிய மறுத்தவர் அவர்.

கனேகோ 1926இல் சிறையிலேயே இறந்தார். அவர் உடல் பாக் யோலின் பிறந்த மண்ணான முன்கியோங்கில், இன்றைய தென்கொரியாவில், அடக்கமாகியுள்ளது. பாக் யோல் 1974இல் இறந்தது வடகொரியாவில்.