பூட்டனாரின் நடையும் பிறேம் கணக்கும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



சங்க அங்கத்தவர்களின் வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பழைய பிலிம் சுருள்களைத் திரட்டி ஒரு வீடியோவாகத் தொகுக்க வேண்டுமென்று செயற்குழு தீர்மானித்தது. "கணினி படிக்கிற பிள்ளை செய்யட்டும்" என்று என் பெயரை முன்மொழிந்தவர்கள் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே, வேலை தொடங்குமுன், என் சொந்த வீட்டில் நான் பட்ட பாட்டைக் கூறி அவர்களுடைய பொறுமையைச் சிறிது சோதிக்க எனக்கும் உரிமையுண்டு என நினைக்கிறேன்.

என் அம்மம்மாவின் தமையனார் லண்டனிற் படித்துக்கொண்டிருந்தவர். 1962 ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது ஒரு 8 மில்லிமீற்றர் கமரா கொண்டுவந்தார். சாவி கொடுத்து முறுக்கும் சுருள்வில்லால் ஓடும் கமரா. அதனால் எடுத்த ஒரேயொரு சுருள், 50 அடி, அண்மையில் எங்கள் கைக்கு வந்தது. அதில் என் பூட்டனார் படலையிலிருந்து விறாந்தை வரை ஊன்றுகோலுடன் நடந்து வந்து சாய்மனைக்கதிரையில் அமர்கிறார். அவர் அசைவதைக் காட்டும் படம் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

சுருளை ஒரு கடையிற் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றுவித்தோம். வீட்டார் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஆர் மோனை? என்ரை ஐயா இப்பிடித் துள்ளித் துள்ளி நடந்த மனிசன் இல்லை."

உண்மைதான். திரையில் நடந்தவர் பகிடிக்காரனைப் போல நடந்தார். சிறுவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

இதன் காரணம் வெறும் கணக்கு. சினிமா என்பது ஓடும் படமன்று. அசையாத படங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நம் கண்ணை ஏய்ப்பதே சினிமா. அத்தனிப் படம் ஒன்றைத்தான் பிறேம் என்கிறோம். அக்காலத்து 8 மில்லிமீற்றர் பிலிமில் அடிக்கு 80 பிறேம். 50 அடியில் 4000. அந்தக் கமரா செக்கனுக்கு 16 பிறேம் எடுப்பது. 4000 ஐ 16 ஆல் வகுத்தால் 250 செக்கன், அதாவது 4 நிமிஷம் 10 செக்கன். கடைக்காரரோ நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய 25 என்ற வேகத்தையே எல்லாவற்றுக்கும் போடுபவர். 4000 ஐ 25 ஆல் வகுத்தால் 160 செக்கன். பூட்டனார் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலான வேகத்தில் ஓடவேண்டியதாயிற்று.

பழைய மௌனப் படங்களில் எல்லோரும் ஓடித் திரிவது போலத் தோன்றுவதும் பெரும்பாலும் இதனாலேயே. அன்று கமராவைக் கையாற் சுழற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 பிறேம், செக்கனுக்கு இரண்டு சுற்று என்பது பொது வழக்கு; கை களைத்தாற் குறையும், பதற்றத்திற் கூடும். 1920களின் இறுதியிற் பேசும்படம் வந்தபின், ஒலி பிசகக்கூடாதென்று 24 நிலைத்தது. 16 இல் எடுத்ததை 24 இல் ஓட்டினால் மந்திரிமாரும் மரண ஊர்வலமும் ஒரேயடியாகத் துள்ளத்தானே செய்யும்? நகைச்சுவை நடிகர்கள் வேண்டுமென்றே மெல்லச் சுழற்றி எடுத்ததுமுண்டு. அது வேறு கதை. 2018 இல் நியூசிலாந்துக்காரரான பீற்றர் ஜாக்சன் 'தே ஷல் நொட் குரோ ஓல்ட்' என்ற படத்துக்காக முதலாம் உலக யுத்தத்துப் பிலிம்களை எடுத்தபோது, வெவ்வேறு வேகங்களிற் கிடந்த துண்டுகளையெல்லாம் 24 க்குக் கொணர்ந்தார். அதன்பின்தான் அந்தப் போர்வீரர் நம்மைப் போன்ற மனிதராக நடந்தார்கள்.

இனி என் முயற்சிகள். முதலில், 25 இல் இருந்த கோப்பை அப்படியே எடிற்றிங் மென்பொருளில் இட்டு, வேகத்தை நூற்றுக்கு 64 ஆகக் குறைத்தேன். நடை சரியாயிற்று. ஆனால் இடைவெளியை நிரப்ப மென்பொருள் அடுத்தடுத்த பிறேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துவிட்டது. பூட்டனாருக்கு இரண்டு ஊன்றுகோல்! அடுத்து, இல்லாத பிறேம்களை ஊகித்து வரையும் முறையைப் பிரயோகித்தேன். அசைவு பாலில் வழுக்குவது போல இருந்தது. ஆயினும் கோல் வேட்டிக்கு முன்னால் வரும்போதெல்லாம் பாதி மறைந்தது, விரல்கள் ஒட்டிக்கொண்டன. இது இன்று பலரும் மெச்சும் முறை. எனக்கு அது உவப்பாக இல்லை. 1962 இல் கமரா கண்டதை மட்டும் காண விரும்பினேனேயன்றி, கணினி இன்று கற்பனை செய்வதை அன்று.

பிறகுதான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது புத்தியிற் பட்டது. கடைக்காரர் செய்த ஒரு நல்ல காரியம், பிலிமின் ஒரு பிறேமுக்குக் கோப்பில் ஒரு பிறேம் என்று வைத்திருந்தார். 4000 பிறேமும் பழுதின்றி இருந்தன. மேலே ஒட்டிய '25' என்ற சீட்டுத்தான் பொய். மென்பொருளிடம் "இதனை 16 என்று வாசி" என்று ஒரு கட்டளை கொடுத்தால் அது போதும். ஒரு பிறேம்கூடக் கூடாது, குறையாது. வெட்டுவதும் ஒட்டுவதும் எல்லாம் அந்த 16 இலேயே செய்து, வெளியே கொடுக்கும்போது மட்டும் மாற்றவேண்டும். 25 க்கு மாற்றினால் 16 பிறேம்களில் 9 இரட்டிக்கும், 7 தனியே நிற்கும், நடை நொண்டும். 48 க்கு மாற்றினால் ஒவ்வொன்றும் மும்முறை, சமமாக. பழைய மௌனப்பட புறொஜெக்டர்களில் மூன்று இதழ் மூடி சுழன்று ஒவ்வொரு பிறேமையும் மும்முறை ஒளிரச் செய்ததும் இதே கணக்குத்தான். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் 16 தான் என்பது எப்படி நிச்சயம்? சுருள்வில் கமரா பொய் சொல்லும். இங்கேதான் எங்கள் வீட்டு மணிக்கூடு உதவிற்று. விறாந்தைச் சுவரில் அதன் ஊசல் ஆடுவது படத்திற் தெரிகிறது. அதே மணிக்கூடு இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. அதன் ஊசல் ஒரு நிமிஷத்தில் 60 முறை போய்வரும். படத்திற் பத்து முறை போய்வர எத்தனை பிறேம் என்று ஒவ்வொன்றாக எண்ணினேன்: 161. வில் தளர்ந்த ஒரு காட்சியில் 147 தான். அந்தத் துண்டுக்கு மட்டும் வேறு கணக்குப் போட்டேன்.

தொலைக்காட்சிச் சங்கதியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 சுற்று மின்சாரமுள்ள நம் போன்ற நாடுகள் 25 பிறேமையும், 60 சுற்றுள்ள அமெரிக்கா முதலியன 30 ஐயும் கைக்கொண்டன. 1953 இற் கலர் வந்தபோது அந்த 30 உம் 29.97 ஆகிப் பலரைப் பைத்தியமாக்கியது. 24 இல் எடுத்த சினிமாவை 25 இல் ஓட்டினால் 120 நிமிஷப் படம் 115 நிமிஷம் 12 செக்கனில் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும், திருத்தாவிட்டால், அரைச்சுரத்திற் பத்தில் ஏழு பங்களவு ஏறிவிடும். சங்கீத ஞானமுள்ள பெரியோர் அந்நாளைய வீடியோ கசற்றுகளில் இதைக் கவனித்திருக்கலாம். அமெரிக்க முறையில் நான்கு பிறேமை ஐந்தாக்க அரைப்படங்களைப் பின்னிவிடுவார்கள். அந்தப் பின்னலை அவிழ்த்து 24 ஆக்காமல் வெட்டத் தொடங்கினால், வெட்டிய இடமெல்லாம் முடிச்சாகும்.

வாலிபர்களுக்கு ஒன்று. உங்கள் கைத்தொலைபேசி வெளிச்சம் குறைந்தால் தன் பாட்டில் பிறேமைக் குறைக்கும், பின் கூட்டும். அவ்வாறான கோப்பை அப்படியே எடிற்றிங்கில் இட்டால் நாடகத்தின் பாதியில் வாய் ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றி, மூலக் கோப்பையும் அழியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திய படத்தை மறுபடி அம்மம்மாவுக்குக் காட்டினேன். சிறுவர்கள் சிரிக்கவில்லை. பூட்டனார் படியடியில் வந்து, கோலை இடக்கைக்கு மாற்றி, ஒருகணம் நின்று முற்றத்தைத் திரும்பிப் பார்க்கிறார். 24 பிறேம், ஒன்றரைச் செக்கன். முன்னைய பிரதியில் அது ஒரு செக்கனும் இல்லை, நான் கவனிக்கவேயில்லை.

"படியிலை ஐயா எப்பவும் இப்பிடி ஒருக்கால் நிண்டு பாக்கிறவர்" என்றார் அம்மம்மா. "திருப்பிப் போடு மோனை."

அன்றிரவு ஐந்து முறை போட்டோம்.

சங்க வேலைக்காகச் சுருள் தர எண்ணியுள்ளோர் அதனை முன்கூட்டியே கடையிற் கொடுத்து மாற்றுவிக்க வேண்டாம், சுருளாகவே தாருங்கள். 1965 இல் வந்த சுப்பர் 8 ஆயின் பொதுவாக 18 பிறேம். அதற்கு முந்திய 8 மில்லிமீற்றரில் 16 பெருவழக்கு. பெட்டியில் எழுதியிருப்பதை அழிக்காதீர்கள். எழுத்து ஒன்றுமில்லாவிட்டால், எடுத்த இடத்தில் ஆடும் மணிக்கூடு ஏதாவது இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வந்து சொல்லுங்கள்.