வட்டத்திலிருந்து சட்டமன்றம் வரை
(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நகராட்சி உறுப்பாண்மையை ஒரு படிக்கட்டாகக் கருதுவோர் நம்மிடையே மிகப் பலர். வட்டத்தில் வென்றவர் கண் சட்டமன்றத்தின்மேல். சட்டமன்றம் புகுந்தவர் கண் அமைச்சர் நாற்காலியின்மேல். ஏறிய பின்னர்த் தம் தெருவைத் திரும்பிப் பார்ப்பார் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். அவர் பிட்டி தியாகராயர்.

1852-ஆம் ஆண்டு சென்னைக் கொருக்குப்பேட்டையில், நெசவுத் தொழிற் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆயினும் தறியைக் கைவிட்டாரல்லர். அவர் நெய்வித்த கைக்குட்டைகள் அவர் பெயராலேயே விலைபோயின. 1882-இல் சென்னை நகராட்சி மன்றத்தின் உறுப்பினரானார். அன்று தொட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மன்றமே அவர்தம் பணிக்களம். அரசு அலுவலர் அல்லாதாருள் அதன் தலைவராக அமர்ந்த முதல்வரும் அவரே.

அத்தலைமையில் அவர் செய்தது யாது? ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்கு அறிவுக் குறைவு கரணியமன்று. பசியே கரணியம் என்று கண்டார். 1920-இல், ஆயிரம்விளக்கு நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகட்கு நண்பகல் உணவளிக்க மன்றம் ஒப்புதல் தந்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! ஓரணாவில் ஒரு தலைமுறைக்குக் கதவு திறந்தார். வேறு சில பள்ளிகட்கும் அது விரிந்தது. ஆனால் தொடக்கக் கல்விப் பணத்தை உணவுக்குச் செலவிடலாகாதென்று வெள்ளையரசு தடுக்கவே, 1925-இல் அது நின்றது. அவர் மறைந்ததும் அவ்வாண்டிலேதான். அடுப்பு அணைந்தது, எண்ணம் அணையவில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியிலும், 1982-இல் ம.கோ.இராமச்சந்திரன் ஆட்சியிலும் அது நாடு தழுவி வளர்ந்தது. 2022-இல் காலையுணவாகவும் விரிந்தது.

இனி, சட்டமன்றத்துக்கு வருவோம். 1916-இல் டி.எம்.நாயர், நடேசனார் ஆகியோருடன் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டார். நயன்மைக் கட்சி, அதாவது நீதிக்கட்சி, என வழங்கிய இயக்கம் அதுவே. 1920 தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. சொத்தும் வரியும் உடையார்க்கே அன்று வாக்குரிமை. நயன்மைக் கட்சி 98 இடங்களுள் 63-ஐ வென்றது. தியாகராயரும் சட்டமன்றம் புகுந்தார். ஆளுநர் வில்லிங்டன் ஆட்சியமைக்க அவரை அழைத்தார். அவரோ மறுத்தார்! சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். தியாகராயர் கட்சித் தலைமையோடு அமைந்தார். கைக்கெட்டிய நாற்காலியை வேண்டாவென்று ஒதுக்கினார் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள்!

தோழர்களே, போற்றுதல் மட்டும் நம் கடனன்று. குறையையும் கூறுவோம். முதல் அமைச்சரவையில் தமிழ் மாவட்டங்கட்கு உரிய இடமில்லை என்னும் மனக்குறை அக்கட்சியின் உள்ளேயே எழுந்தது. 1923-இல் சிவஞானம் பிள்ளை அமைச்சரான பின்னரே அது சற்றுத் தணிந்தது. சட்டமன்றப் பேச்சோ பெரிதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆயிரம்விளக்குத் தாய் தன் பிள்ளையின் பசியைத் தமிழில் சொன்னாள். அவளை ஆண்ட சட்டம் அவளுக்குப் புரியாத மொழியில் எழுந்தது. தெருவை அறிந்தவர் அவையேறினால் மட்டும் போதாது. தெருவின் மொழியும் உடன் ஏறுதல் வேண்டும்.

மாநகராட்சி மாளிகையின்முன் அவர் சிலை நிற்கிறது. தியாகராய நகர் அவர் பெயர் தாங்குகிறது. அப்பெயரையும் 'தி.நகர்' என்று வெட்டிவிட்டோம்! பெயரை முழுமையாய்ச் சொல்லுங்கள். உங்கள் வட்டத்து உறுப்பினர் வாக்குக் கேட்டு வருங்கால், "எந்த நாற்காலிக்குப் போகப் போகிறீர்?" என்று கேளாதீர், "எந்தப் பிள்ளையின் பசி தீர்த்தீர்?" என்று கேளுங்கள். அவ்வொரு வினாவே தியாகராயர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.