முதுமையில் மதியா, மெய்யா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எலப்புள்ளியில் நம் குடியிருப்பின் முதியோர் சிலர் ஒரு மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து ஒரு வினாவை விவாதித்துக் கொண்டிருந்தனர். முதுமையில் இரண்டில் ஒன்றே கிடைக்குமென்றால், தெளிந்த அறிவை வேண்டுவதா, திடமான உடலை வேண்டுவதா என்பதே அவ்வினா. “பிறர் கை பிடியாமல் கொல்லைக்குப் போய்வரக் கால் இருந்தால் போதும்” என்றார் ஒருவர். “பெற்ற பிள்ளையின் பெயரே மறந்தபின் கால் இருந்து என்ன பயன்?” என்றார் மற்றொருவர். அவ்வினாவையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டேன்.

அறிவின் பக்கம் நிற்பார்க்குச் சிறந்த சான்று உண்டு. வைக்கம் போராட்டத்தால் கேரளமும் நன்கறிந்த தந்தை பெரியார், தம் இறுதி ஆண்டுகளில் சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்திய உடலோடு ஊர் ஊராகச் சென்று பேசினார். 1973 டிசம்பர் 19-ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் இறுதியுரை ஆற்றியபோது அவருக்கு வயது 94. அடுத்த ஐந்தாம் நாள் மறைந்தார். அவர் கொள்கையை ஏலாதாரும் அந்த அறிவுத் தெளிவை மறுக்கமாட்டார்.

ஆயினும், அறிவு மட்டும் தனித்து நிற்கவல்லதா? நம் எலப்புள்ளி இன்று அடங்கியுள்ள மலம்புழைத் தொகுதியின் உறுப்பினராக 2001 முதல் 2021 வரை விளங்கியவர் வி. எஸ். அச்சுதானந்தன். 82 வயதில், 2006-இல், முதலமைச்சர் பொறுப்பேற்ற அப்பெருமகனாரை 2019 அக்டோபரில் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கியிருந்து, 2025 ஜூலை 21-ஆம் நாள் 101 வயதில் மறைந்தார். அத்துணை உறுதி படைத்தவரையும், மூளையின் குருதிக் குழாயில் நேர்ந்த கோளாறு மேடையைவிட்டு இறக்கிவிட்டது. சுவர் இருந்தாலன்றோ சித்திரம்!

ஆகவே, மதியும் மெய்யும் இருவேறு பொருள்கள் அல்ல. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு, மறதி நோய்க்குத் துணைபோகும் காரணங்கள் பதினான்கை எடுத்துரைத்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, காது கேளாமை, கண் மங்குதல், தனிமை ஆகியவை அவற்றுட் சில. அனைத்தையும் களைந்தால் உலகில் மறதி நோயின் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடுமென்பது அக்குழுவின் மதிப்பீடு. காலையில் நடப்பவர் காலுக்காக மட்டும் நடக்கவில்லை, நினைவுக்காகவும் நடக்கிறார். எழுபதில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று நம்மை யாரும் கேட்கப்போவதில்லை. தேர்வு நாற்பதிலேயே நடந்துவிடுகிறது.

இனி, நம் உள்ளத்தைத் தொடும் செய்திக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது வயது கடந்தோர் விகிதம் இந்தியாவிலேயே கேரளத்தில்தான் மிகுதி, நூற்றுக்கு 12.6. படுத்த படுக்கையானவர்க்காக, 2008-இல் இம்மாநிலம் நோய்த்தணிப்புக் கொள்கை வகுத்தது. ‘பாலியேட்டிவ்’ என்று ஊரார் கூறும் அத்தொண்டில் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். ஆனால், கால் திடமாக இருந்து நினைவு மட்டும் கலைந்தவரை நாமே வெளியே காட்டுவதில்லை. ‘வயதானால் அப்படித்தான்’ என்று கதவைச் சாத்துகிறோம். இந்திய முதியோருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடையோர் என 2023-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிடுகிறது. இதில் வெட்கத்திற்கு இடமேது?

எல்லையில் வாழும் நமக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியோரைவிட இருமொழி பேசியோர்க்கு நோய் நாலரை ஆண்டு தாமதித்தே தோன்றியிருந்தது, எழுத்தறியாதாரிடத்தும் அவ்வாறே. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசும் நம் பழக்கத்தைச் சுமையென்று எண்ணாதீர்கள். அது அறிவுக்கு அரணாகவும் கூடும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்க. மறதி முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி நழுவித் தாய்மொழியே எஞ்சி நிற்பது பலரிடம் காணப்பட்டுள்ளது. ஐம்பது ஆண்டு மலையாளத்தில் வணிகம் நடத்திய தாத்தா ஒருநாள் தமிழில் மட்டுமே பசியென்பார், வலியென்பார், தம் தாயைத் தேடுவார். அன்று அருகில் நிற்கும் பேரன் அச்சொற்களை அறியாது விழித்தால், அவ்வீட்டில் அவர் அயலாராகிவிடுவார். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது மேடையில் பாடிப் பரிசு பெறுவதற்கு மட்டுமன்று. அந்த ஒருநாள் மறுமொழி கூறுவதற்குமாகும்.

என் விடையைக் கேட்பீர்களாயின், அறிவையே வேண்டுவேன். ஆனால், அறிவு நீங்கிய பின்னும் என் பக்கத்தில் அமர்ந்து தமிழில் நாலு வார்த்தை பேச ஒருவர் வேண்டுமென்பேன். முதல் வரம் நம் கையில் பாதியே உள்ளது. இரண்டாவது வரத்தை இச்சங்கத்தார் ஒருவர்க்கொருவர் முழுமையாக வழங்க இயலும். நாளை மாலையே, திண்ணைக்கு வருவதை நிறுத்திவிட்ட முதியவர் ஒருவரின் கதவைத் தட்டுங்கள்.